திரையில் தமிழ்... ஃபைலில் பூஜ்யம்!
பைதான் மொழியில் தமிழ் எழுத்துகளை இழக்காமல் கையாள்வது எப்படி?

எங்கள் தெருவில் ஒரு படிப்பகம் இருக்கிறது. அதை நடத்துபவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். உறுப்பினர்கள் 312 பேரின் பெயர், முகவரி, எடுத்த புத்தகம் ஆகியவற்றை நோட்பேடில் தமிழிலேயே டைப் செய்து ஒரு ஃபைலாக வைத்திருந்தார். "தம்பி, இதை அகர வரிசைப்படி அடுக்கித் தர முடியுமா?" என்று ஒரு நாள் கேட்டார். "அதற்கென்ன சார், பைதானில் பத்தே வரி!" என்று உற்சாகமாக உட்கார்ந்தேன்.

புரோகிராம் ஓடியது. திரையில் 312 பெயர்களும் அழகுத் தமிழில், வரிசையாக வந்து நின்றன. ஆசிரியருக்கு மகிழ்ச்சி. "இதை அதே ஃபைலில் எழுதிவிடுகிறேன் சார்" என்று ஒரு வரியைச் சேர்த்து மீண்டும் இயக்கினேன். இப்போது சிவப்பாக ஒரு பிழைச் செய்தி வந்தது. சரி, பிறகு பார்க்கலாம் என்று ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. அதன் அளவு பூஜ்யம் பைட்! வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை.

பழைய பதிவேட்டைப் பார்த்து இருவரும் மூன்று இரவுகள் உட்கார்ந்து மீண்டும் டைப் செய்தோம். ஆனால், 19 பேரின் புதிய முகவரிகள் கம்ப்யூட்டரில் மட்டுமே இருந்தன. அவை போனது போனதுதான். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. "திரையில் வந்ததே தம்பி, பிறகு எப்படிப் போயிற்று?" என்று மட்டும் கேட்டார். அன்று எனக்கு விடை தெரியவில்லை. தேடித் தெரிந்து கொண்டதை இங்கே தருகிறேன். வீட்டில் பைதான் கற்கும் பிள்ளைகளுக்கும், தமிழில் பட்டியல், ரசீது, அழைப்பிதழ் முகவரி என்று சிறு புரோகிராம்கள் எழுதும் அனைவருக்கும் இது உதவும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது

முதலில் அடிப்படை. கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது எண்கள் மட்டுமே. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஓர் ஒப்பந்தம் இருந்தால்தான் எழுத்தைச் சேமிக்கவோ அனுப்பவோ முடியும். 1963-ல் வெளியான ஆஸ்கி என்ற ஒப்பந்தத்தில் 128 இடங்கள் மட்டுமே இருந்தன. ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக் குறிகள் ஆகியவற்றுக்கே அது சரியாகப் போயிற்று. பின்னர் ஒரு பைட்டில் அடங்கும் 256 இடங்களையும் பயன்படுத்தி, ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு அட்டவணை உருவானது. விண்டோஸ் இவற்றைக் கோட் பேஜ் என்று அழைக்கிறது. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான கோட் பேஜின் எண் 1252. நம் ஊரில் ஆங்கில அமைப்புடன் இயங்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் இருப்பதும் இதுதான். இதில் தமிழுக்கு ஓர் இடம் கூடக் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். நம் கதையின் வில்லன் இவர்தான்.

தமிழிலும் அந்தக் காலத்தில் ஆளுக்கொரு ஒப்பந்தம். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று பல. ஒன்றில் அடித்ததை இன்னொரு எழுத்துருவில் திறந்தால் குப்பையாகத் தெரியும். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாப், டாம் ஆகியவை தரமாக ஏற்கப்பட்டன. 2010-ல் தமிழக அரசு யூனிகோடையும், டேஸ்-16 என்ற 16 பிட் குறியீட்டையும் தரமாக அறிவித்தது. இன்று இணையத்திலும், மொபைலிலும், பைதானிலும் நாம் பயன்படுத்துவது யூனிகோடைத்தான்.

யூனிகோடில் உலக மொழிகள் அனைத்துக்குமாகச் சேர்த்து 11 லட்சத்துக்கும் அதிகமான இடங்கள் உண்டு. தமிழுக்கு ஒதுக்கப்பட்ட முதன்மைப் பகுதியில் 128 இடங்கள். "அ" என்றால் 2949, "க" என்றால் 2965. நம்பிக்கை இல்லையா? பைதானில் "ஆர்ட்" என்ற கட்டளையில் "க" எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். 2965 என்றே விடை வரும்.

யூடிஎஃப்-8 என்பது என்ன?

"யூனிகோட் தெரியும், அது என்ன யூடிஎஃப்-8?" என்று பலர் கேட்கிறார்கள். யூனிகோட் என்பது எழுத்துக்கு எண் தரும் பட்டியல். அந்த எண்ணை ஃபைலில் எந்தெந்தப் பைட்டுகளாக எழுதுவது என்று சொல்லும் முறைதான் யூடிஎஃப்-8. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில், சாப்பாட்டுத் தட்டின் அடியில் விரிக்கும் காகிதத்தில் கென் தாம்ஸன் இதை வடிவமைத்தார். உடன் இருந்தவர் ராப் பைக்.

இதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் தேவை. 2019-ல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட பழந்தமிழ்ப் பின்னக் குறிகள் போன்றவற்றுக்கு நான்கு பைட்டுகள். "க" என்ற எழுத்தை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் 224, 174, 149 என்று மூன்று எண்கள் கிடைக்கும்.

இப்போது இந்த மூன்று எண்களை, அவை யூடிஎஃப்-8 என்று தெரியாத ஒரு புரோகிராம் 1252 அட்டவணையை வைத்துப் படிக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். 224 என்றால் தலையில் சாய்கோடு போட்ட சிறிய ஏ. 174 என்றால் வட்டத்துக்குள் ஆர். 149 என்றால் ஒரு கரும்புள்ளி. ஆம், ஈமெயிலிலும் எக்ஸெலிலும் நாம் அடிக்கடி பார்த்துத் தலையில் கை வைத்த அதே குப்பைதான்! தமிழின் முதன்மைப் பகுதி முழுவதும் 224-ல் தொடங்கி, அடுத்து 174 அல்லது 175 என்றே வருவதால்தான் அந்தக் குப்பையில் ஒரே இரண்டு மூன்று குறிகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

கமலா தப்பினார், முருகன் மாட்டினார்

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 1252 அட்டவணையில் 256 இடங்களில் ஐந்து இடங்கள் காலி. அவை 129, 141, 143, 144, 157. இந்த எண்கள் வந்தால் பைதான் படிக்க மறுத்து, பிழைச் செய்தி தந்து நின்றுவிடும். தமிழில் யாருக்கு இந்த எண்கள் கிடைத்திருக்கின்றன தெரியுமா? உகரக் குறியின் கடைசிப் பைட் 129. மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளிக்கு 141. "ஏ" எழுத்துக்கு 143. "ஐ" எழுத்துக்கு 144.

ஆகவே, விண்டோஸில் தமிழ் ஃபைல் ஒன்றை முறை குறிப்பிடாமல் திறந்தால், "கமலா" என்ற பெயர் சத்தமில்லாமல் குப்பையாக மாறிவிடும். "முருகன்" என்ற பெயர் வந்தால் புரோகிராம் நின்றே போகும். "நேற்று வரை ஓடிய புரோகிராம் இன்று ஒரு பெயரைச் சேர்த்ததும் ஓடவில்லையே" என்ற புகாருக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். இதில் முருகன் செய்வதுதான் நல்லது. பிழை இருப்பதை உடனே காட்டிக் கொடுக்கிறார் அல்லவா!

திரை வேறு, ஃபைல் வேறு

இப்போது ஆசிரியரின் கேள்விக்கு வருவோம். திரையில் வந்த தமிழ், ஃபைலில் ஏன் வரவில்லை?

பைதான் 1991-ல் வெளியானது. யூனிகோட் வசதி 2000-ல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தது. அதிலும் பைட்டுகளையும் எழுத்துகளையும் கலந்து குழப்பும் வழக்கம் இருந்தது. 2008 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பு இரண்டையும் தெளிவாகப் பிரித்தது. பழைய 2 வரிசைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1 உடன் முடிந்தது. ஆகவே, புரோகிராமுக்கு உள்ளே இப்போது பிரச்னை இல்லை. எழுத்து வெளியே போகும் வாசலில்தான் பிரச்னை.

வாசல்கள் மூன்று. முதலாவது, கமாண்ட் பிராம்ப்ட் என்ற கருப்புத் திரை. முன்பெல்லாம் அது 437 போன்ற பழைய கோட் பேஜில் இயங்கியதால், பிரின்ட் கட்டளையில் தமிழைக் கொடுத்தாலே பிழை வரும். 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பு முதல் பைதான் விண்டோஸ் திரைக்கு நேரடியாக யூனிகோடிலேயே எழுதுகிறது. எனவே அங்கே பிழை வராது.

இரண்டாவது, அதே பிரின்ட் வெளியீட்டை "பெரியது" என்ற அம்புக்குறி போட்டு ஒரு ஃபைலுக்குத் திருப்பிவிடுவது. இப்போது வெளியீடு திரைக்குப் போவதில்லை. பைதான் உடனே பழைய 1252-க்குத் திரும்பிவிடும். "தமிழ்" என்று அச்சிடச் சொன்னால், 0 முதல் 4 வரையிலான இடங்களில் உள்ள எழுத்துகளை மாற்ற முடியவில்லை என்று பிழை வரும்.

மூன்றாவது, ஓபன் கட்டளை மூலம் ஃபைலில் எழுதுவது. இங்கும் முறையைக் குறிப்பிடாவிட்டால் 1252தான். நான் செய்த தவறு இதுவே. படிக்கும்போது யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டேன். எழுதும்போது மறந்துவிட்டேன். அதைவிட மோசம், ஓபன் கட்டளையில் எழுதுவதற்கான "டபிள்யூ" என்ற எழுத்தைக் கொடுத்தால், பைதான் முதலில் பழைய ஃபைலைக் காலி செய்துவிடும். பிறகுதான் எழுதத் தொடங்கும். முதல் பெயரிலேயே பிழை வந்து நின்றதால், காலியான ஃபைல் காலியாகவே கிடந்தது. 312 பேரும் போன கதை இதுதான்.

தீர்வுகள்

ஒன்று: ஓபன் கட்டளையை எப்போது எழுதினாலும், படிப்பதோ எழுதுவதோ, என்கோடிங் என்ற இடத்தில் யூடிஎஃப்-8 என்று மேற்கோள் குறிக்குள் குறிப்பிடுங்கள். "என் கம்ப்யூட்டரில் இல்லாமலே ஓடுகிறதே" என்று விடாதீர்கள். லினக்ஸிலும் மேக்கிலும் பொதுவாக யூடிஎஃப்-8 தான் இயல்பு என்பதால் அங்கே ஓடும். அதே புரோகிராம் நண்பரின் விண்டோஸில் படுத்துவிடும்.

இரண்டு: வெளியீட்டை ஃபைலுக்குத் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள், 3.7 அல்லது அதற்குப் பிந்திய பதிப்பு வைத்திருந்தால், யூடிஎஃப்-8 நிலையை இயக்கிக் கொள்ளலாம். ஸ்டார்ட் மெனுவில் என்விரான்மென்ட் என்று டைப் செய்தால், உங்கள் கணக்குக்கான என்விரான்மென்ட் வேரியபிள்களை மாற்றும் விண்டோ கிடைக்கும். அதில் நியூ பட்டனைத் தட்டி, பைதான், யூடிஎஃப், 8 ஆகிய மூன்றையும் இடைவெளி இன்றி ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பெயராகவும், 1 என்பதை மதிப்பாகவும் கொடுங்கள். கருப்புத் திரையை மூடித் திறந்தால் மாற்றம் அமலுக்கு வரும். 3.15 பதிப்பு முதல் இந்த நிலையையே இயல்பாக வைப்பது என்று 2022-ல் முடிவானது. எனினும், பழைய பதிப்புகள் பல வீடுகளில் இருக்கும் என்பதால் முதல் தீர்வைக் கைவிட வேண்டாம்.

மூன்று: பழைய ஃபைலின் மேலேயே எழுதாதீர்கள். வேறு பெயரில் புதிய ஃபைலில் எழுதி, எல்லாம் முடிந்து மூடிய பிறகு, ஓஎஸ் மாட்யூலில் உள்ள ரீப்ளேஸ் கட்டளையால் பழையதன் இடத்தில் வையுங்கள். இடையில் பிழை வந்தாலும், மின்சாரமே போனாலும், பழைய ஃபைல் பத்திரமாக இருக்கும். இந்த ஒரு வரி அன்று தெரிந்திருந்தால் 19 முகவரிகள் தப்பியிருக்கும்.

நான்கு: எக்ஸெலில் திறக்க வேண்டிய சிஎஸ்வி ஃபைல் என்றால், யூடிஎஃப்-8 உடன் சிறு கோடிட்டு "சிக்" என்பதையும் சேர்த்துக் கொடுங்கள். இது ஃபைலின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை அடையாளமாக வைக்கும். அதைப் பார்த்துத்தான் எக்ஸெல் "ஓ, இது யூனிகோட்" என்று புரிந்து கொள்கிறது. இப்படிப்பட்ட ஃபைலைப் பைதானில் படிக்கும்போதும் அதே பெயரைக் கொடுங்கள். இல்லாவிட்டால் முதல் பெயரின் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக் கொள்ளும். பட்டியலின் முதல் ஆளை மட்டும் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது!

நோயைக் கண்டுபிடிப்பது எப்படி?

தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றதும் பதறிப் போய் ஃபைலைச் சேமித்துவிடாதீர்கள். என்ன தெரிகிறது என்று முதலில் கவனியுங்கள்.

கட்டம் கட்டமாகத் தெரிந்தால்: எழுத்துரு இல்லை என்று பொருள். தகவல் பத்திரமாக இருக்கிறது. அதே ஃபைலை நோட்பேடில் திறந்து, நிர்மலா அல்லது லதா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் சரியாகும். பழைய கருப்புத் திரைகளில் தமிழ் எழுத்துரு இல்லாததால் இது சகஜம்.

கொம்பும் காலும் இடம் மாறித் தெரிந்தால்: திரையின் குறைதான். பல டெர்மினல்களுக்குத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து வரையத் தெரியாது. இதிலும் தகவலுக்குப் பாதிப்பு இல்லை.

சாய்கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர் என்று குப்பையாகத் தெரிந்தால்: பைட்டுகள் சரி, படித்த முறை தவறு. சேமிக்காமல் மூடிவிட்டு, யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டு மீண்டும் திறங்கள். தமிழ் திரும்பி வரும்.

சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தால்: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலாக இருக்கலாம். யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

வரிசையாகக் கேள்விக்குறிகள் இருந்தால்: இதுதான் ஆபத்து. எழுத்துகள் அழிந்து, அவற்றின் இடத்தில் உண்மையான கேள்விக்குறியே எழுதப்பட்டுவிட்டது. எந்த டாக்டராலும் இதைக் காப்பாற்ற முடியாது. பழைய நோட்பேடில் ஆன்ஸி முறையில் தமிழைச் சேமித்தால் இப்படித்தான் ஆகும். 2019 மே மாத விண்டோஸ் 10 அப்டேட் முதல் நோட்பேட் இயல்பாகவே யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கிறது.

பைதானிலும் இந்த விபத்தை நாமே வரவழைத்துக் கொள்ள முடியும். பிழைச் செய்தியைத் தவிர்க்க, எர்ரர்ஸ் என்ற இடத்தில் "இக்னோர்" அல்லது "ரீப்ளேஸ்" என்று கொடுக்கும்படி சிலர் யோசனை சொல்வார்கள். பிழை நிற்கும், உண்மைதான். ஆனால், எழுதும்போது முதலாவது எழுத்துகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். இரண்டாவது கேள்விக்குறி போட்டுவிடும். வலி தெரியாமல் விரலை வெட்டுவது போன்ற வைத்தியம் இது. தமிழ் ஃபைல்களுக்கு வேண்டவே வேண்டாம்.

எழுத்தை எண்ணுவதிலும் சிக்கல்

வெளியீடு சரியானதும் இன்னொரு ஆச்சரியம் காத்திருக்கும். "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தை "லென்" கட்டளையால் கேட்டுப் பாருங்கள். மூன்று என்று வராது, ஐந்து என்று வரும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. ஃபைலில் இதே சொல் 15 பைட்டுகள். முகவரிச் சீட்டில் முதல் பத்து எழுத்துகளை மட்டும் வெட்டி அச்சிட்டால், கடைசி எழுத்தின் புள்ளியோ கொம்போ அறுந்து போகலாம். சரியாக எண்ண வேண்டும் என்றால், ஓப்பன்-தமிழ் என்ற இலவசத் தொகுப்பை நிறுவிக் கொள்ளலாம். சொல்லை நாம் எண்ணும் எழுத்துகளாகவே அது பிரித்துத் தரும்.

"கொ" என்ற எழுத்திலும் ஒரு கண்கட்டு வித்தை உண்டு. ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், கொம்பு, கால் என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால், இரண்டும் சமமா என்று கேட்டால் பைதான் இல்லை என்றே சொல்லும். யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் கட்டளையில் என்எஃப்சி என்று கொடுத்து எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொண்டு வந்த பிறகே தேடுங்கள்.

அகர வரிசையும் அப்படியே. யூனிகோட் பட்டியலில் "ழ" முந்தி, "வ" பிந்தி. நம் அகராதியிலோ "வ" முதலில், "ழ" பிறகு. எனவே பைதானின் சார்ட் கட்டளை பழனியை முன்னால் வைத்து, பவானியைப் பின்னால் தள்ளும். நான் முதல் நாள் பெருமையாகக் காட்டிய பட்டியலில் இந்தப் பிழையும் இருந்தது. ஆசிரியர் அதை அன்றே கவனித்திருக்கிறார். ஃபைல் போன வருத்தத்தில் இருந்த என்னிடம் சொல்லவில்லை.

இப்போது பட்டியல் மீண்டும் தயார். யூடிஎஃப்-8 முறையில், அகராதி வரிசையில், பென் டிரைவில் ஒரு பிரதியுடன் இருக்கிறது. முகவரி தொலைந்த 19 பேரில் சிலர் புத்தகம் எடுக்க வரும்போது மீண்டும் கேட்டு எழுதிக் கொண்டோம். மற்றவர்களுக்காக இன்னும் காத்திருக்கிறோம்.

நினைவில் வைக்க:

* ஓபன் கட்டளையில் என்கோடிங் குறிப்பிடாமல் தமிழ் ஃபைலைத் தொடாதீர்கள்.
* திரையில் சரியாக வந்தால் ஃபைலிலும் வரும் என்று நம்பாதீர்கள். எழுதியதைத் திறந்து பாருங்கள்.
* குப்பை தெரிந்தால் சேமிக்காதீர்கள். குப்பையிலிருந்து மீட்கலாம், கேள்விக்குறியிலிருந்து மீட்க முடியாது.
* பழைய ஃபைலின் மேல் நேரடியாக எழுதாதீர்கள்.
* புரோகிராமைச் சோதிக்கும்போது கமலாவை மட்டும் கொடுக்காமல், முருகனையும் ஐயப்பனையும் சேர்த்துக் கொடுங்கள்!